கிரேட்டர் லேக்: எந்தப் பருவத்தில் போவது, என்ன பார்ப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்ட்லாந்து, ஹில்ஸ்பரோ பக்கம் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸாப் குழுக்களில் மே மாதம் பிறந்தால் போதும், “கிரேட்டர் லேக் ரோடு திறந்துட்டாங்களா?” என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அதற்குப் பதில் வருவதற்குள் இன்னும் நாலு கேள்விகள் வந்து விழும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள இந்த எரிமலை ஏரியைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே சாலை திறப்பதும் மூடுவதும், பூ பூப்பதும், ஏரி கண்ணில் படுவதும் படாததும் எல்லாம் பனியின் கையில் இருக்கிறது. விடுமுறையைப் பார்த்து நாள் குறிக்காமல் பனியைப் பார்த்து நாள் குறியுங்கள்.

ஒரு ஏரிதானே, அப்படி என்ன விசேஷம்?

படத்தில் பார்த்தவர்கள் நிறத்தைக் கூட்டிக் காட்டியிருப்பார்கள் என்று நினைப்பார்கள். நேரில் போனால் படம்தான் குறைத்துக் காட்டியிருக்கிறது என்று தெரியும். சுற்றிலும் மலைச்சுவர், அதற்குள் ஏறத்தாழ 6 மைல் நீளம், 5 மைல் அகலத்தில் மையைக் கொட்டியதுபோல் நீலம். ஆழம் 1,943 அடி, அதாவது 594 மீட்டர். அமெரிக்காவிலேயே ஆழமான ஏரி இதுதான். உலக அளவில் முதல் பத்துக்குள் வரும். ஓரிகனில் உள்ள ஒரே தேசியப் பூங்காவும் இதுவே. 1902 மே 22 அன்று அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டு இதைப் பூங்காவாக்கினார்.

ஆழம் அளந்த கதை சுவையானது. 1886இல் கிளாரன்ஸ் டட்டன் என்ற ராணுவ அதிகாரியும், இந்த ஏரிக்காகவே வாழ்நாளைச் செலவிட்ட வில்லியம் ஸ்டீலும், ஆஷ்லாந்து ஊரிலிருந்து படகை வண்டியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்து, செங்குத்துச் சரிவில் இறக்கினார்கள். பியானோ கம்பியின் நுனியில் ஈயக்குண்டைக் கட்டி இடம் இடமாக இறக்கிப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த அதிகபட்ச ஆழம் 1,996 அடி. நூறாண்டுக்கு மேல் கழித்து ஒலியலைக் கருவிகளோடு வந்தவர்கள் சொன்ன கணக்குக்கும் இதற்கும் ஐம்பது அடி சொச்சம்தான் வித்தியாசம்.

இது எரிகல் விழுந்த பள்ளமா, எரிமலையின் வாயா?

எரிகல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இங்கே மசாமா என்று இப்போது அழைக்கப்படும் மலை ஒன்று இருந்தது. உயரம் சுமார் 12,000 அடி என்று மதிப்பிடுகிறார்கள். ஏறத்தாழ 7,700 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்தது. மலைக்கு அடியில் தேங்கியிருந்த பாறைக்குழம்பு பெருமளவு வெளியே வந்துவிட்டதால் உள்ளே வெற்றிடமாகி, தாங்க ஆளில்லாத கூரைபோல் மலையுச்சி அப்படியே உள்ளே இடிந்து அமிழ்ந்தது. இப்படி உண்டாகும் பெரும் குழியைத்தான் கால்டெரா என்கிறார்கள். இன்று நாம் நின்று பார்க்கும் விளிம்பு, அந்த மலையின் மிச்சம்.

அன்று பறந்த சாம்பல் இன்றைய அமெரிக்காவின் எட்டு மாநிலங்களையும் கனடாவின் சில பகுதிகளையும் மூடியது. அகழாய்வாளர்களுக்கு இந்தச் சாம்பல் அடுக்கு ஒரு வரப்பிரசாதம். அதற்குக் கீழே எது கிடைத்தாலும் 7,700 ஆண்டுகளுக்கு முந்தையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். வடகிழக்கே ஃபோர்ட் ராக் என்ற இடத்தில் ஒரு குகையை 1938இல் லூதர் கிரெஸ்மன் தோண்டியபோது, இந்தச் சாம்பலுக்கு அடியில் செடிப்பட்டையால் பின்னிய செருப்புகள் டஜன் கணக்கில் கிடைத்தன. பிறகு கணித்ததில் அவை ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையவை என்று தெரிந்தது. மலை வெடித்தபோது அந்த வட்டாரத்தில் மனிதர்கள் இருந்தார்கள் என்பதில் அதன்பின் யாருக்கும் ஐயம் இல்லை.

அங்கிருந்த மக்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?

கிளமத் பழங்குடியினர் இந்த ஏரியை கீவாஸ் என்கிறார்கள். கீழுலகின் தலைவன் லாவோவுக்கும் மேலுலகின் தலைவன் ஸ்கெல்லுக்கும் நடந்த போரில் தீயும் பாறையும் பறந்ததாகவும், கடைசியில் லாவோ வீற்றிருந்த மலை அவன்மேலேயே இடிந்து விழுந்ததாகவும் அவர்கள் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். நிலவியலார் பின்னாளில் எழுதியதை அருகில் வைத்துப் பார்த்தால், கண்ணால் கண்டவர்களின் நினைவுதான் கதையாகி இத்தனை தலைமுறை கடந்து வந்திருக்கிறது என்று தோன்றும். வடக்கு விளிம்பில் பெரிய சுவர்போல் எழும் பாறைக்கு லாவோ ராக் என்றே பெயர்.

அவர்களுக்கு இது புனிதமான இடம். வெளியாரிடம் இதைப் பற்றிப் பேசாமலே இருந்தார்கள். தங்கம் தேடி வந்த வெள்ளையர்கள் 1853இல் தற்செயலாக இதன் விளிம்புக்கு வந்து சேர்ந்தார்கள். பூங்காவின் பழைய வழிகாட்டிகளில் அதைத்தான் ‘கண்டுபிடிப்பு’ என்று எழுதியிருப்பார்கள்.

ஆறு எதுவும் வந்து சேரவில்லையே, தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

வானத்திலிருந்து. பெரும்பகுதி பனியாக, மீதி மழையாக. இந்த ஏரிக்கு வந்து சேரும் ஆறும் கிடையாது, வெளியேறும் ஆறும் கிடையாது. ஆண்டுக்குச் சராசரியாக 40 அடிக்கு மேல் பனி பொழிகிறது. மக்கள் வசிக்கும் அல்லது வந்துபோகும் இடங்களில் அமெரிக்காவிலேயே மிக அதிகமாகப் பனி பெய்யும் இடங்களில் இது ஒன்று. மலை இடிந்த பிறகு இந்தக் குழி நிரம்ப எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் ஏன் வழியவில்லை? ஆவியாகிப் போவது ஒரு பங்கு. இன்னொரு பங்கு வடக்குச் சுவரில் உள்ள நுண்துளைப் பாறை அடுக்கின் வழியே கசிந்து போகிறது. வரவும் செலவும் சமமாகும் மட்டத்தில் ஏரி நிலைத்துவிட்டது. ஆண்டுதோறும் சில அடி ஏறி இறங்கும், அவ்வளவுதான்.

நீல நிறத்துக்கும் இதுவே காரணம். ஆறு வந்தால் வண்டல் வரும், வயல் உரம் வரும், ஊர்க்கழிவு வரும். இங்கே எதுவும் வருவதில்லை. சூரிய ஒளியில் சிவப்பு, மஞ்சள், பச்சை ஆகியவற்றை ஆழமான தண்ணீர் விழுங்கிவிட, நீலம் மட்டும் சிதறித் திரும்புகிறது. தெளிவை அளக்க ஒரு வட்டத்தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். இங்கே அது சராசரியாக 30 மீட்டர் ஆழம் வரை கண்ணுக்குத் தெரிகிறது.

வெயில் நேராக அடிக்கும் முற்பகல், நண்பகல் வேளைகளில்தான் அந்த நீலம் முழுதாக எழும். மேகம் மூடினால் அதே ஏரி ஈயத்தகடு மாதிரி கிடக்கும்.

ஒரே ஒரு தடவைதான் போக முடியும். எந்த மாதம்?

ஜூலை நடுவிலிருந்து ஜூலை இறுதிக்குள். சாலைகள் எல்லாம் பெரும்பாலும் திறந்திருக்கும், சரிவுகளில் பனித் திட்டுகள் மிச்சமிருக்கும், பூக்கள் வந்திருக்கும், காட்டுத்தீப் புகை பெரும்பாலும் இன்னும் வந்திருக்காது. கூட்டம் இருக்கும். கொசுவும் இருக்கும். இரண்டையும் பொறுத்துக்கொள்ள முடியாதவர்கள் செப்டம்பர் பிற்பாதிக்குப் போகலாம். எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் முதல் தடவை போகிறவருக்கு அதைச் சொல்லத் தயங்குவேன். புகை இல்லாத செப்டம்பர் வாய்ப்பது அதிர்ஷ்டம்.

ஜூன் மாதம் பள்ளி விட்டதும் போகலாம் என்றிருக்கிறோம். சரியா?

ஏரியைப் பார்த்துவிடலாம், சுற்றி வர முடியாது. நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். போர்ட்லாந்தில் 85 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், எல்லோரும் அரைக்கை சட்டையில். அங்கே போனால் சாலையின் இருபுறமும் ஆளுயரத்துக்குப் பனிச்சுவர்.

ஏரியைச் சுற்றி 33 மைல் நீளத்துக்கு ரிம் டிரைவ் என்ற சாலை இருக்கிறது. இளவேனிலில் பனி அள்ளும் வண்டிகளை வைத்து அதைத் துண்டு துண்டாகத் திறப்பார்கள். வடக்கு வாசலும் மேற்குப் பகுதியும் மே நடுவிலிருந்து ஜூன் நடுவுக்குள் திறக்கும். கிழக்குப் பகுதி உயரமானது, பனிச்சரிவு அபாயமும் உண்டு. அது ஜூலையில்தான் திறக்கும், பனி அதிகம் பெய்த ஆண்டுகளில் இன்னும் தள்ளிப்போகும். இந்தத் தேதிகளை யாரும் முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. பூங்காவின் இணையதளத்தில் அன்றன்றைய சாலை நிலவரம் போடுவார்கள், கிளம்பும் முன் அதைப் பாருங்கள்.

அதற்காக ஜூனை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. வெள்ளை விளிம்பும் நீலத் தண்ணீரும் ஒரே பார்வையில் கிடைக்கும், கூட்டமும் குறைவு. ஊரிலிருந்து வந்த குழந்தைகளுக்கு ஜூன் மாதத்தில் பனியில் விளையாடக் கிடைத்தால் வேறென்ன வேண்டும்? நடைபாதைகள் பனிக்கு அடியில் இருக்கும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் என்னென்ன செய்யலாம்?

ரிம் டிரைவை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நிற்காமல் ஓட்டினால் ஒன்றரை மணி நேரம். நின்று பார்த்துப் போனால் அரை நாள் போய்விடும், அதுதான் முறை. முப்பதுக்கும் மேற்பட்ட காட்சிமுனைகளில் எல்லாவற்றிலும் இறங்கத் தேவையில்லை. நான் சொல்லக்கூடியவை சில.

மேற்கே வாட்ச்மேன். ஏரிக்குள் கூம்பாக எழும் விசார்ட் தீவு நேர் கீழே தெரியும். மலை இடிந்த பிறகு குழிக்குள் முளைத்த குட்டி எரிமலை அது. தண்ணீருக்கு மேல் 750 அடிக்கும் அதிக உயரம், உச்சியில் தனியாக ஒரு வாய் வேறு. வாகனம் நிறுத்துமிடத்திலிருந்து முக்கால் மைலுக்குச் சற்றே கூடுதலாக ஏறினால் காட்டுத்தீயைக் கவனிக்கக் கட்டிய பழைய காவல் கூண்டு வரும். சூரியன் மறைவதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை, ஆனால் இறங்குவதற்குக் கையில் டார்ச் வேண்டும்.

கிழக்கே க்ளவுட்கேப். ஓரிகனிலேயே தார்ச்சாலை போட்ட மிக உயரமான இடம் என்கிறார்கள், 7,865 அடி. அங்கே காற்றின் அடியில் ஒரு பக்கமாக வளைந்து போன வெண்பட்டைப் பைன் மரங்களைக் கவனியுங்கள். நட்கிராக்கர் என்ற சாம்பல் நிறப் பறவை இந்த மரத்தின் விதைகளை மண்ணில் புதைத்து வைக்கும். எடுக்க மறந்தவை முளைக்கும். அந்தப் பறவை இல்லாவிட்டால் அந்தக் காடு இல்லை. இப்போது ஒரு பூஞ்சை நோய் இந்த மரங்களைத் தின்றுகொண்டிருக்கிறது.

தென்கிழக்கே ஃபான்டம் ஷிப். பாய்மரக் கப்பல் போன்ற பாறைத் தீவு. வெயில் ஒரு கோணத்தில் விழும்போது பின்னால் உள்ள பாறைச் சுவரோடு கலந்து மறைந்துவிடும், சற்று நேரத்தில் திரும்ப வரும். பார்க்கச் சின்னதாக இருந்தாலும் 16 மாடி உயரம். இந்தக் குழியில் வெளியே தெரியும் பாறைகளில் மிகப் பழையது, சுமார் 4 லட்சம் ஆண்டுகள்.

அங்கிருந்து பிரியும் கிளைச்சாலையில் பின்னகிள்ஸ் இருக்கிறது. சூடான சாம்பல் படிவுக்குள்ளிருந்து ஆவி பீறிட்ட பாதைகள் இறுகிப் போய், சுற்றியுள்ள மென்மையான சாம்பல் அரித்துப் போன பிறகு ஊசி ஊசியாக நிற்கின்றன. ஏரி தெரியாது என்பதால் பலர் இதைத் தவிர்த்துவிட்டுப் போகிறார்கள். தவிர்க்கக் கூடாத இடம்.

நடக்கப் பிடித்தவர்களுக்கு கார்ஃபீல்ட் சிகரம், விளிம்பில் உள்ள தங்கும் விடுதியான லாட்ஜ் பக்கத்திலிருந்தே ஏறலாம், ஒரு வழி 1.7 மைல், ஏற்றம் ஆயிரம் அடி. பூங்காவின் உச்சி மவுண்ட் ஸ்காட், 8,929 அடி. ஒட்டுமொத்த ஏரியும் ஒரே சட்டத்துக்குள் அடங்குவது அங்கிருந்துதான். காட்டுப் பூக்களுக்கு ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. காஸில் கிரெஸ்ட் என்ற அரை மைல் பாதை போதும்.

காட்டுத்தீப் புகை என்று பயமுறுத்துகிறார்களே?

பயம் நியாயமானதே. ஆகஸ்டும் செப்டம்பர் முற்பாதியும் இந்தப் பக்கத்துக் காடுகளில் தீக்காலம். 2015, 2017 ஆண்டுகளில் பூங்காவுக்குள்ளேயே எரிந்தது. பல நூறு மைல் தள்ளி கலிஃபோர்னியாவில் எரிந்தாலும் புகை இங்கே வந்து குழிக்குள் இறங்கிக் குந்திவிடும். எதிர்க்கரை தெரியாது, நீலம் மங்கிவிடும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது.

இதற்கு ஒரே மருந்து, முதல் நாள் இரவும் கிளம்பும் காலையும் பூங்காவின் நேரலை வெப்கேமைப் பார்ப்பது. கூடவே காற்றின் தரத்தையும் பாருங்கள். காற்று திசை மாறினால் ஒரே இரவில் வானம் சுத்தமாகிவிடுவதும் உண்டு. ரத்து செய்ய முடிகிற அறையாகப் பதிவு செய்துகொள்வது நல்லது.

இலையுதிர் காலத்தில் நிறம் மாறும் காடு உண்டா?

வெர்மான்ட் மாதிரி எதிர்பார்க்காதீர்கள், இங்கே எல்லாம் ஊசியிலை மரங்கள். செப்டம்பர் பிற்பாதியின் அழகு வேறு: தெளிந்த காற்று, குளிர்ந்த இரவு, நிலா இல்லாத நாளில் விளிம்பில் நின்றால் பால்வீதி. செப்டம்பரில் இரண்டு சனிக்கிழமைகள் கிழக்கு ரிம் டிரைவில் கார்களை நிறுத்திவிட்டு மிதிவண்டிக்கும் நடப்பவர்களுக்கும் விடுவார்கள். ஏற்ற இறக்கம் கடுமை, சும்மா ஓட்டிப் பார்க்கலாம் என்று வாடகை சைக்கிளோடு போனால் மூச்சு வாங்கும்.

அக்டோபரில் எப்போது வேண்டுமானாலும் முதல் பனி விழலாம். மாத நடுவில் லாட்ஜ் மூடிவிடும். வடக்கு வாசல் நவம்பர் தொடக்கத்தில், பனி முந்தினால் அதற்கும் முன்பே மூடப்படும்.

குளிர்காலத்தில் போகலாமா? பூங்கா திறந்திருக்குமா?

ஆண்டு முழுதும் திறந்திருக்கும். தெற்கு, மேற்கு வாசல்கள் வழியே 62ஆம் எண் நெடுஞ்சாலையில் வந்து, அங்கிருந்து ஏரி விளிம்பில் உள்ள ரிம் வில்லேஜ் வரை ஏறும் சாலையைப் பனி அள்ளித் திறந்து வைத்திருப்பார்கள். புயல் வந்தால் மேலே ஏறும் கடைசிப் பகுதியைத் தற்காலிகமாக மூடுவார்கள். வடக்கு வழியும் ரிம் டிரைவும் முழுக் குளிர்காலமும் மூடியிருக்கும். செல்போன் வரைபடத்தை அப்படியே நம்பினால் சில சமயம் மூடிய வடக்கு வாசலுக்கே கொண்டுபோய் நிறுத்தும். அங்கிருந்து சுற்றி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

இன்னொரு கசப்பான உண்மை: குளிர்காலத்தில் ஏறத்தாழ பாதி நேரம் ஏரியை மேகம் முழுதாக மறைத்திருக்கும். ஐந்து மணி நேரம் கார் ஓட்டிவந்து வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் ஏராளம். அதனால்தான் சொல்கிறேன், பனிப்புயல் ஓய்ந்த மறுநாள், வானிலை தெளிவு என்று காட்டும் நாளாகப் பார்த்துப் போங்கள். அப்படி ஒரு நாள் அமைந்துவிட்டால் கோடையில் பார்த்தது ஒன்றுமே இல்லை என்று சொல்வீர்கள். மரங்கள் எல்லாம் உருவம் தெரியாமல் வெள்ளைப் போர்வைக்குள், விசார்ட் தீவு வெள்ளைக் கூம்பாக, நடுவே அந்த நீலம் மட்டும் குறையாமல். ஆள் அரவம் கிடையாது.

பனியில் வழுக்காமல் இருக்கச் சக்கரத்தில் மாட்டும் டயர் செயின் எடுத்துப் போங்கள். வீட்டு வாசலிலேயே ஒரு தடவை மாட்டிக் கழற்றிப் பழகிவிட்டுப் போங்கள். பனிப்புயலில் விரல் மரத்துப் போன நிலையில் கற்றுக்கொள்ளும் வித்தை இல்லை அது. வார இறுதிகளில் பூங்கா ரேஞ்சர்கள், பனியில் கால் புதையாமல் நடக்க உதவும் ஸ்னோஷூ மாட்டி அழைத்துப் போகும் நடைகளுக்குக் கட்டணம் கிடையாது, முன்பதிவு வேண்டும்.

மிக முக்கியமானது: விளிம்பு அருகே போகாதீர்கள். காற்று பனியை ஏரிப் பக்கமாகத் துருத்தித் தள்ளியிருக்கும். காலடியில் திடமான தரை மாதிரி தெரிவதற்குக் கீழே பல நூறு அடி வெறும் காற்றுதான் இருக்கும். செல்ஃபிக்காகப் பின்னால் நகர்வது இங்கே விளையாட்டுக் காரியம் இல்லை. குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

இவ்வளவு குளிரில் ஏரி உறையாதா?

உறைவது மிக அபூர்வம். கடைசியாக முழுதும் உறைந்தது 1949இல். கோடை முழுதும் வாங்கிச் சேர்த்த வெப்பம் அத்தனை ஆழமான தண்ணீரில் தேங்கியிருக்கிறது. மேற்பரப்பு ஆறியதும் அந்தத் தண்ணீர் கீழே இறங்க, அடியில் உள்ளது மேலே வர, உறைநிலைக்குப் போகும் முன்பே குளிர்காலம் முடிந்துவிடும்.

தண்ணீரில் இறங்கலாமா? படகு உண்டா?

இப்போதைக்கு இல்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சட்டப்படி இறங்க ஒரே ஒரு பாதைதான் உண்டு: வடக்கே க்ளீட்வுட் கோவ், 1.1 மைலில் 700 அடி இறக்கம். பாறைச் சரிவையும் படகுத் துறையையும் சீரமைப்பதற்காக 2025 கோடைக்குப் பிறகு அதை மூடிவிட்டார்கள், 2029 கோடையில் திறப்பதாக அறிவித்திருக்கிறார்கள். அதுவரை படகுச் சவாரி, விசார்ட் தீவு, நீச்சல், மீன்பிடிப்பு எதுவும் கிடையாது. பழைய யூடியூப் காணொளிகளைப் பார்த்துவிட்டு நீச்சல் உடையோடு போகாதீர்கள். வேறெங்காவது சரிவில் இறங்கிப் பார்க்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம், தளர்ந்த எரிமலைக் கல், காலை வைத்தால் சரியும்.

ஏரியில் மீன் எப்படி வந்தது?

ஆறே இல்லாத ஏரியில் மீன் இருக்க வழியில்லை. 1888இல், ஆழம் அளந்த கதையில் வந்த அதே வில்லியம் ஸ்டீல் கொண்டுவந்து விட்டார். 1941 வரை பல இன மீன்களை விட்டுக்கொண்டே இருந்தார்கள். கொக்கனி சால்மனும் ரெயின்போ டிரவுட்டும் மட்டும் பிழைத்தன. மீனுக்குத் தீனியாக 1915இல் நன்னீர் நண்டு வகை ஒன்றையும் விட்டார்கள், வினை அங்கே ஆரம்பித்தது. இந்த ஏரியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மசாமா நியூட் என்ற சிறு நீர்ப்பல்லியை அந்த நண்டுகள் கரையோரமெங்கும் விரட்டித் தின்று, இப்போது அது அழிவின் விளிம்பில் நிற்கிறது. ஸ்டீல் இல்லாவிட்டால் பூங்காவே இல்லை என்பது உண்மை. அவர் தொடங்கிவைத்த பழக்கம் ஏரிக்குச் செய்த கெடுதலும் உண்மை.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. ரிம் வில்லேஜ் கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,100 அடி, கிட்டத்தட்ட ஊட்டி உயரம். ஊட்டியில் மூச்சுத் திணறாதவர்களுக்கு இங்கேயும் சிரமம் இருக்காது. காரை நிறுத்திய இடத்திலிருந்து சில அடிகளில் ஏரி தெரியும், விளிம்போரம் தளம் போட்ட நடைபாதை இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் லாட்ஜின் பின்புற வராந்தாவில் வரிசையாகப் போட்டிருக்கும் சாய்வு நாற்காலிகளில் ஏரியைப் பார்த்தபடி உட்காரலாம். சிரமம் பயணத்தில்தான். போர்ட்லாந்திலிருந்து சுமார் 250 மைல், நடுவில் நிறுத்தாமல் போனாலே நாலரை முதல் ஐந்து மணி நேரம். ஒரே நாளில் போய்த் திரும்புவது இளசுகளுக்கே அலுப்பு. பெரியவர்களை வைத்துக்கொண்டு வேண்டவே வேண்டாம். கோடையிலும் ஸ்வெட்டரும் காதுக்கு மஃப்ளரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கார் ஒன்றுக்கு நுழைவுக் கட்டணம் கோடையில் 30 டாலர், குளிர்காலத்தில் அதைவிடக் குறைவு. ஏழு நாள் செல்லும்.

எங்கே தங்குவது? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

விளிம்பிலேயே இருப்பது 1915இல் திறந்த கிரேட்டர் லேக் லாட்ஜ். பனியின் பாரம் தாங்காமல் கட்டடம் தளர்ந்து 1989இல் மூடி, பலப்படுத்தி 1995இல் மறுபடி திறந்தார்கள். 71 அறைகள்தான், மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை. பல மாதங்கள் முன்பே பதிவு செய்யாவிட்டால் கிடைக்காது. ஏழு மைல் கீழே மசாமா வில்லேஜில் கேபின்களும் கூடாரத் திடலும் உண்டு. மற்றபடி மெட்ஃபோர்ட், கிளமத் ஃபால்ஸ் போன்ற ஊர்களில் தங்கி வருவதுதான் பலருக்குத் தோதுப்படும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை கட்டுச்சோறே கைகொடுக்கும். உள்ளே சாண்ட்விச், பீட்சா வகையறா கிடைக்கும், சைவர்கள் ஒரு வேளை ஒப்பேற்றலாம், இரண்டாவது வேளைக்கு அலுத்துவிடும். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போய்ப் பிக்னிக் மேசையில் பிரித்தால், பொன்நிற அணில்கள் வந்து சுற்றி நிற்கும். போடாதீர்கள். பாவமாகப் பார்க்கும், அப்போதும் போடாதீர்கள். கூடாரம் போடுகிறவர்கள் சாப்பாட்டையெல்லாம் அங்கே வைத்திருக்கும் இரும்புப் பெட்டியில் பூட்டவேண்டும், கரடிகள் உண்டு.

பெட்ரோல் பங்க் மசாமா வில்லேஜில் கோடையில் மட்டும். கிளம்பும் ஊரிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். செல்போன் சிக்னல் பல இடங்களில் இருக்காது.

ஏரியில் ஒரு மரம் நின்றுகொண்டே மிதக்கிறதாமே?

ஆமாம். ‘ஓல்டு மேன்’ என்று பெயர். சுமார் 30 அடி நீளமுள்ள ஹெம்லாக் மரத்தின் அடிமரம், செங்குத்தாக நின்றபடி, தலை மட்டும் நாலடி தண்ணீருக்கு மேல் தெரிய, நூறாண்டுக்கும் மேலாக மிதக்கிறது. 1896இலேயே பார்த்திருக்கிறார்கள். 1938 கோடையில் அதன் போக்கைக் குறித்து வைத்ததில், மூன்று மாதத்துக்குள் அறுபது மைலுக்கு மேல் அலைந்திருந்தது. 1988இல் விஞ்ஞானிகள் சிறு நீர்மூழ்கியில் ஏரியின் அடிக்கு இறங்கியபோது, இடைஞ்சலாக இருக்கும் என்று அதைக் கட்டிப்போட்டார்கள். உடனே வானிலை கெட்டதாகவும், அவிழ்த்துவிட்டதும் தெளிந்ததாகவும் ரேஞ்சர்கள் கதை சொல்வார்கள். அதை நம்புவது உங்கள் இஷ்டம். அந்த ஆய்வில் ஏரியின் அடியில் வெந்நீர் கசிவதையும், அதை நம்பி வாழும் பாக்டீரியாத் திட்டுகளையும் கண்டார்கள்.

அப்படியானால் எரிமலை உயிரோடு இருக்கிறதா?

உறங்குகிறது. கடைசியாகச் சிறிய அளவில் தண்ணீருக்கடியில் வெடித்தது சுமார் 4,800 ஆண்டுகளுக்கு முன். அமெரிக்க நிலவியல் துறை தொடர்ந்து கண்காணிக்கிறது. உங்கள் பயணத் தேதியைப் பாதிக்கிற விஷயம் இல்லை.

ட்ரோன் விடலாமா? நுரைக்கல் ஒன்று எடுத்து வரலாமா?

இரண்டுக்கும் அனுமதி இல்லை. எல்லாத் தேசியப் பூங்காக்களிலும் இதே விதிதான். தண்ணீரில் மிதக்கும் கல்லைக் குழந்தைகளுக்குக் காட்டவேண்டும் என்றால் கையில் எடுத்துக் கனத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு அங்கேயே போடச் சொல்லுங்கள்.

கூடுதலாக ஒரு நாள் இருந்தால் பக்கத்தில் வேறு என்ன பார்க்கலாம்?

வடக்கு வாசலுக்கு அப்பால் டயமண்ட் லேக். படகும் நீச்சலும் வேண்டுமென்பவர்களுக்கு க்ளீட்வுட் திறக்கும் வரை அதுதான் மாற்று. 138ஆம் சாலையில் ரோஸ்பர்க் பக்கம் இறங்கினால் டோக்கடி அருவி. மேற்கே யூனியன் கிரீக்கில் ரோக் ஆறு எரிமலைக் குழம்புக் குகைக்குள் புகுந்து மறைந்து, சற்றுத் தள்ளி வெளியே வரும் இடம் இருக்கிறது, கால் மணி நேர நடை. பெண்ட் நகர் வழியாகத் திரும்புகிறவர்கள் நியூபெரி எரிமலையைப் பாருங்கள். அதுவும் ஒரு கால்டெராதான், உள்ளே ஒன்றுக்கு இரண்டு ஏரிகள், பக்கத்தில் 1,300 ஆண்டுகளே ஆன கருங்கண்ணாடிப் பாறை ஓட்டம். பாறை விளிம்புகள் கண்ணாடிச் சில்லு மாதிரி வெட்டும், மூடிய ஷூ போட்டுக்கொண்டு போங்கள்.